வரிசையில் ஒரு கைக்குட்டை

எனக்கு வரும் மின்னஞ்சல்களில் பாதிக்கு மேல் ஒரே தலைப்புதான்: 'எர்ரர்'. உள்ளே ஒரே ஒரு வரி இருக்கும். 'மேடம், ஜாப் போட்டா எர்ரர் வருது.' என்ன எர்ரர், எப்போது வந்தது, அதற்கு முன்னால் என்ன செய்தாய், ஒன்றும் இருக்காது. கூடவே கைப்பேசியில் எடுத்த ஒரு படம். அதில் மேசை, தண்ணீர் பாட்டில், பக்கத்தில் இருப்பவரின் முழங்கை எல்லாம் பளிச்சென்று விழுந்திருக்கும். எர்ரர் எழுதியிருக்கும் வரி மட்டும் பாதியில் வெட்டுப்பட்டிருக்கும். டாக்டரிடம் போய் 'வலிக்குது' என்று மட்டும் சொல்லிவிட்டு எங்கே வலிக்கிறது என்று சொல்லாமல் யாராவது உட்கார்ந்திருப்பார்களா? என்னிடம் மட்டும் அப்படித்தான் உட்கார்ந்திருப்பார்கள்.

நான் வேலை பார்ப்பது சிறுசேரிக்குச் சற்று முன்னால் உள்ள ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில். அங்கே கிளஸ்டர் என்று ஒன்று இருக்கிறது. ஒரு கணினியால் தாங்க முடியாத பெரிய கணக்குகளைப் போடுவதற்காக, குளிரூட்டிய அறையில் அடுக்கி ஒன்றோடொன்று இணைத்து வைத்த கணினிகள். அவற்றைப் பார்த்துக்கொள்வதுதான் என் வேலை. அந்தக் கணினிகளை யாரும் நேராகப் போய்த் தொட முடியாது. எத்தனை கணினி வேண்டும், எவ்வளவு நேரம் வேண்டும், என்ன கணக்கு என்று ஒரு கோப்பில் எழுதிக் கொடுத்துவிட்டு வரிசையில் காத்திருக்க வேண்டும். இதற்குத்தான் ஜாப் போடுவது என்று பெயர். முன்னால் வந்தவருக்கு முன்னால் இடம். வரிசையை ஒரு மென்பொருள் நடத்துகிறது. அதற்கு முகதாட்சண்யம் கிடையாது. எனக்கும் கிடையாது என்று கல்லூரியில் ஒரு பெயர் உண்டு, அதை நான் பாடுபட்டுச் சம்பாதித்திருக்கிறேன். நிர்வாகத்துக்கு வேண்டப்பட்ட ஒரு பையன் வந்து அவசரம் என்று நின்றபோதும், வரிசையின் கடைசி எங்கே இருக்கிறது என்றுதான் காட்டினேன்.

அறைக் கதவில் சில விதிகளை ஒட்டி வைத்திருக்கிறேன். அவற்றில் நான் கொஞ்சமும் விட்டுக்கொடுக்காத விதி ஒன்று உண்டு. வெறுமனே இடம் பிடிப்பதற்காக யாரும் ஜாப் போடக் கூடாது. போட்டால் அந்த ஆராய்ச்சிக் குழு முழுவதற்கும் இரண்டு வாரம் தடை. ஏன் இந்த விதி என்றால், நம் ஊர்க்காரர்களுக்கு இடம் பிடிப்பது ரத்தத்தில் ஊறியது. தாம்பரத்தில் எலக்ட்ரிக் டிரெயின் நிற்பதற்கு முன்பே ஜன்னல் வழியாக ஒரு கைக்குட்டை உள்ளே பறக்கும். ஒரு கைக்குட்டையை வைத்துக்கொண்டு மூன்று பேருக்கு இடம் பிடிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். எங்கள் கல்லூரிப் பேருந்திலும் அதேதான். நான் பீர்க்கன்கரணையிலிருந்து வந்து தாம்பரம் கிழக்கில் அந்தப் பேருந்தில் ஏறினால், காலி இருக்கை ஒவ்வொன்றிலும் ஒரு சாப்பாட்டுப் பை உட்கார்ந்திருக்கும். அந்தப் பைகளோடு நான் போட்ட சண்டைகள் கல்லூரி முழுக்கப் பிரசித்தம்.

அந்தத் திங்கட்கிழமை காலை என் அறைக்கு வந்தது ஓர் ஆராய்ச்சி மாணவி. கோவளத்துக்குத் தெற்கே ஒரு மீனவக் கிராமத்துப் பெண். குழந்தை பிறந்து சில மாதம் விடுப்பில் இருந்துவிட்டு அன்றைக்குத்தான் திரும்பியிருந்தாள். அவளுடைய ஆராய்ச்சி, கரையோர மணலைப் பற்றியது. அவள் ஊருக்கு முன்னால் இருக்கும் கடற்கரையை எந்த மாதம் அலை தின்கிறது, எந்த மாதம் மணலைத் திருப்பிக் கொண்டுவந்து போடுகிறது என்று கணினிக்குள் ஒரு வருஷம் அலையடிக்க வைத்துப் பார்ப்பாள். அரை வருஷம் வரை ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் பிரசவத்துக்குப் போயிருந்தாள்.

'மேடம், எர்ரர் வருது' என்றாள்.

எனக்கு ஏற்கனவே மூக்குக்கு மேல் கோபம். அந்தச் சனிக்கிழமை மின்வாரிய வேலைக்காகக் கல்லூரி முழுக்க மின்சாரத்தை நிறுத்துவதாக இருந்தது. காலை எட்டு மணிக்குள் கிளஸ்டரை அணைத்தாக வேண்டும், திங்கட்கிழமைதான் திரும்பப் போட முடியும். அதற்காக, சனிக்கிழமையைத் தாண்டி ஓடக்கூடிய எந்த ஜாப்பையும் ஆரம்பிக்காதே என்று மென்பொருளுக்குச் சொல்லி வைத்திருந்தேன். 'ஏன் மேடம் என் ஜாப் நிக்குது' என்று கேட்டு ஒரு வாரமாக வந்த அஞ்சல்களுக்கே பதில் எழுதி மாளவில்லை. இவளும் கோப்பில் எங்கேயாவது ஒரு எழுத்தை விட்டிருப்பாள் என்று நினைத்து, விடுப்பில் போனால் எல்லாம் மறந்துவிடுமா என்று ஒரு பாட்டம் திட்டினேன்.

'நான் ஒண்ணியும் மாத்தல மேடம். போன தபா ஓடுன அதே ஸ்கிரிப்ட்டுதான்' என்றாள். குரல் உயரவில்லை. உட்காரச் சொன்னேன்.

அப்புறம்தான் விஷயத்தைச் சொன்னாள். அவளுடைய ஆராய்ச்சிப் பதிவு அந்த மாதத்தோடு முடிகிறது. ஏற்கனவே இரண்டு தடவை நீட்டிக் கொடுத்துவிட்டார்கள், இனி நீட்ட மாட்டார்கள். அடுத்த திங்கட்கிழமை ஆய்வுக் குழு கூடுகிறது. ஒரு முழு வருஷத்துக் கணக்கைக் கொண்டுவந்து காட்டினால் ஆய்வேட்டை எழுதிக் கொடுக்க அனுமதி. இல்லாவிட்டால் பதிவு ரத்து, இத்தனை வருஷம் படித்ததும் அதோடு சரி. கணக்கு ஓடி முடிய ஏறக்குறைய மூன்றரை நாள் ஆகும். சனிக்கிழமை மின்சாரம் இருக்காது. அதனால் செவ்வாய்க்கிழமைக்குள் ஓட ஆரம்பித்தே ஆக வேண்டும். காலையில் மீன் விற்கப் போகும் அவள் அம்மா, அந்த வாரம் முழுக்கப் போகாமல் குழந்தையைப் பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தாராம்.

பதிவு ரத்து ஆனால் என்ன நடக்கும் என்பது எனக்கு நன்றாகவே தெரியும். அலுவலகத்திலிருந்து ஒரு வரி அஞ்சல் வரும், இன்னாருடைய அக்கவுண்ட்டை மூடிவிடவும் என்று. மூடுவது நான்தான். நான் மூடியவற்றில் பெண்களுடையவைதான் அதிகம். கல்யாணம், பிரசவம், மாமியாருக்கு உடம்பு சரியில்லை, கணவருக்கு வெளியூரில் வேலை. பல மாதம் யாரும் உள்ளே வந்திருக்க மாட்டார்கள். பாதி எழுதின கோப்புகள் அப்படியே கிடக்கும். அவற்றை அழிக்கும்போது வீட்டுக்காரர்கள் ஊரில் இல்லாத நேரத்தில் பூட்டை உடைத்துக் காலி செய்வது போல இருக்கும். எனக்குக் கொஞ்சமும் பிடிக்காத வேலை அது.

சரி, எர்ரர் என்ன சொல்கிறது என்று பார்த்தேன். எங்கள் மென்பொருளுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. இதுதான் காரணம் என்று ஒன்றைச் சொல்லாது. 'விதிக்கு முரண், எண்ணிக்கை, அளவு, நேரம் இவற்றில் ஏதாவது ஒன்று அதிகம்' என்று மொத்தமாகச் சொல்லிவிட்டுப் போய்விடும். சாப்பாடா இருக்கலாம், தண்ணியா இருக்கலாம், டென்ஷனா இருக்கலாம் என்று சொல்லும் டாக்டர் மாதிரி. அதனால் ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வந்தேன். அவள் கேட்ட கணினிகள் அனுமதித்த அளவுக்குள்தான் இருந்தன. கேட்ட நேரமும் சரி. எண்ணிக்கை என்று பார்த்தால் அவள் பெயரில் வரிசையில் ஒரு ஜாப் கூட இல்லை. எப்படி இருக்கும், இத்தனை மாதமாக வீட்டில் தொட்டில் ஆட்டிக்கொண்டிருந்தவள். கோப்பில்தான் கோளாறோ என்று, ஒரே வரியில் ஒரு சின்ன ஜாப் எழுதி அவளையே போடச் சொன்னேன். அதற்கும் அதே எர்ரர். ஆக, அவள் எழுதியதில் தப்பு இல்லை. திட்டியதைத் திரும்ப வாங்க முடியாது என்பதால் காபி வாங்கிக் கொடுத்தேன்.

ஆளுக்கு ஒரு வரம்பு இருப்பது போல, குழுவுக்கும் ஒரு வரம்பு உண்டு. ஓர் ஆராய்ச்சிக் குழு முழுவதும் சேர்ந்து இவ்வளவு ஜாப்தான் வரிசையில் வைத்திருக்கலாம். அவளுடைய குழு சின்னது. அவளைத் தவிர மூன்று பேர். அந்த வரம்பை அவர்கள் தொட்டதே இல்லை. எதற்கும் பார்ப்போம் என்று குழுவின் வரிசையைத் திறந்தேன். வரம்பு நிரம்பி வழிந்தது. பத்தி பத்தியாக ஜாப்கள். எல்லாமே ஓடாமல் காத்திருந்தன. எல்லாமே அதிகபட்ச நேரமான ஏழு நாளைக் கேட்டிருந்தன. எல்லாவற்றுக்கும் ஒரே பெயர், ஆங்கில எழுத்தில்: 'அக்கா சீட்'.

அந்தப் பெண் திரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். 'இன்னா மேடம் இது?' என்றாள். அவளுக்கு நிஜமாகவே ஒன்றும் தெரியவில்லை.

மூன்று பேரையும் வரச் சொன்னேன். இரண்டு பையன்கள், ஒரு பெண். மூவரும் எங்கள் கல்லூரிப் பேருந்தில் வருபவர்கள். அக்கா அடுத்த வாரம்தான் வருவாள் என்று நினைத்திருந்தார்கள் போல. அவளைக் கண்டதும் முதலில் மூன்று பேரும் சிரித்தார்கள், அப்புறம் என் முகத்தைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டார்கள். அவர்களில் குரோம்பேட்டையிலிருந்து வரும் பையன்தான் பேசினான்.

'அக்கா வந்தா வரிசைல கடைசில நிக்கக் கூடாதுன்னுதான் மேடம் போட்டோம். பஸ்ல பின்னாடி ஏறுறவங்களுக்கு சீட்டு போடுவோம்ல, அதே மாதிரி.'

அவர்கள் செய்திருந்த வேலையைக் கேட்டு வாயைப் பிளந்தேன். அவள் விடுப்பில் போனதிலிருந்தே முறை வைத்துக்கொண்டு இதைச் செய்திருக்கிறார்கள். ஒரு 'அக்கா சீட்' வரிசையில் முன்னேறிப் போய் இடம் கிடைத்து ஓட ஆரம்பித்ததும், யார் முறையோ அவர் அதை ரத்து செய்துவிட்டு, பின்னால் இன்னொன்றைப் போடுவார். நடுநடுவே சில ஜாப்கள் ஆரம்பித்த உடனே செத்துப்போவதை நான் கவனித்திருக்கிறேன். யாரோ கற்றுக்குட்டி என்று நினைத்துச் சும்மா இருந்துவிட்டேன். சனிக்கிழமை மின்தடைக்காக நான் கட்டுப்பாடு போட்டதும், ஏழு நாள் கேட்ட ஜாப் எதுவும் ஆரம்பிக்கவே இல்லை. ஏன் நகரவில்லை என்று புரியாமல் இவர்கள் தினமும் ஒன்றிரண்டைக் கூடுதலாகப் போட்டுக்கொண்டே வந்திருக்கிறார்கள். கடைசியில் அக்காவுக்காகப் பிடித்து வைத்த இடமே அக்காவை உள்ளே விடாமல் வழியை அடைத்துவிட்டது. எர்ரர் வேறு ஒன்றும் இல்லை, இவர்களுடைய பாசம்தான்.

நான் கத்தின கத்தலில் அடுத்த அறையிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். கதவில் ஒட்டியிருப்பது அலங்காரத்துக்கா என்று கேட்டேன். விதிப்படி குழுவுக்கு இரண்டு வாரம் தடை. அதைச் சொல்ல வாயைத் திறந்தபோதுதான் எனக்கே உறைத்தது. குழுவுக்குத் தடை என்றால் அவளுக்கும் தடை. எல்லா ஜாப்பையும் ரத்து செய்துவிட்டு அவளைப் புதிதாகப் போடச் சொன்னாலும், வரிசையின் கடைசியில் நின்று செவ்வாய்க்கிழமைக்குள் இடம் கிடைக்க வழியே இல்லை. அவள் சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்று மணிக்கு அவள் கிளம்ப வேண்டும், குழந்தைக்குப் பால் கொடுக்க.

நால்வரையும் வெளியே உட்காரச் சொல்லிவிட்டு அந்த ஜாப்களை ஒவ்வொன்றாகத் திறந்து படித்தேன். ஒன்றும் செய்யாமல் தூங்கு என்று மட்டும் கணினிக்கு எழுதியிருப்பார்கள் என்றுதான் நினைத்தேன். பின்னால் இருந்தவற்றில் அப்படித்தான் இருந்தது. வரிசையின் முன்னால் நின்ற ஒன்றில் மட்டும் வேறு மாதிரி இருந்தது. அதைக் குழுவில் இருந்த பெண் எழுதியிருந்தாள். 'அக்காவின் கோப்புகள் இருக்கும் இடத்துக்குப் போ. அங்கே அக்கா ஓட்டச் சொல்லி ஏதாவது வைத்திருந்தால் அதை ஓட்டு. இல்லாவிட்டால் தூங்கு.' இதுதான் அதன் சாரம். புத்திசாலிக் கழுதை. அவள் வந்து தன் கணக்கை அந்த இடத்தில் வைத்தால் போதும், முறை வரும்போது அது நிஜமான வேலையாகவே ஓடும். ஒரே குழுவில் ஒருவர் வேலையை இன்னொருவர் பெயரில் ஓட்டுவதற்கு என் கதவில் தடை ஏதும் இல்லை.

இப்போது அது இடம் பிடித்த ஜாப்பா, வேலை செய்யும் ஜாப்பா? தலையைப் பிய்த்துக்கொண்டேன். மென்பொருளைக் கேட்டால் அதற்குத் தெரியாது. கடைசியில் எனக்குக் கைகொடுத்தது நான் நாள்தோறும் சண்டை போடும் அந்தக் கைக்குட்டைதான். அதற்கென்று எங்கேயும் எழுதாத ஒரு சட்டம் உண்டு, எங்கள் பக்கத்தில் ரயிலேறும் எல்லோருக்கும் தெரியும். கைக்குட்டை கிடந்தால் 'ஆள் வர்றாங்களா?' என்று கேட்க வேண்டும். வண்டி கிளம்புவதற்குள் ஆள் வந்துவிட்டால் இடம் அவர்களுடையது. வண்டி நகர்ந்துவிட்டால் கைக்குட்டையை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு நாம் உட்கார்ந்துகொள்ளலாம், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். இந்த இடத்துக்கு ஆள் வந்துவிட்டாள். வண்டி இன்னும் கிளம்பவில்லை.

ஆனால் நின்றுகொண்டிருக்கும் ஒருவரைக் கேட்காமல் நானே தீர்ப்புச் சொல்லக் கூடாது. அந்த ஜாப்புக்கு அடுத்தபடியாகக் காத்திருந்தது இயற்பியல் துறைப் பேராசிரியர் ஒருவருடையது. மூன்று நாள் வேலை. இவளுடையது இல்லாவிட்டால் செவ்வாய்க்கிழமை காலியாகும் இடம் அவருக்குத்தான். இவளுக்குக் கொடுத்தால் அவர் மின்தடை முடியும்வரை காத்திருக்க வேண்டும். கொஞ்சம் சிடுசிடுப்பான மனிதர். தினமும் ஒரு தடவை வந்து 'எப்ப ஓடும்?' என்று கேட்டுவிட்டுப் போவார். அவர் அறைக்கே போய் நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். உங்களுக்கு முன்னால் இருக்கும் இடம் வேறு ஒருத்திக்காகப் பிடித்தது, என் விதிப்படி அதை நான் ரத்து செய்யலாம், நீங்கள் சொன்னால் செய்துவிடுகிறேன் என்றேன். அவர் கூடுவாஞ்சேரியிலிருந்து ரயிலில் வருபவர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

'ஆள் வந்தாச்சா?' என்று கேட்டார்.

'வந்துட்டாங்க சார்.'

'அப்ப உக்காரட்டும்.'

அவ்வளவுதான். நன்றி சொல்லவும் விடவில்லை, கதவைச் சாத்திவிட்டுப் போங்கள் என்றார். அதற்கப்புறம் ஒரு மாதம் என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பெருந்தன்மை வேறு, ஒரு வாரம் போய்விட்ட எரிச்சல் வேறு.

திரும்பி வந்து மற்ற 'அக்கா சீட்'களை எல்லாம் அவர்கள் கையாலேயே ரத்து செய்ய வைத்தேன். முதலில் நின்றதை மட்டும் விட்டேன். மூவருக்கும் இரண்டு வாரத் தடை உண்டு, சனிக்கிழமையிலிருந்து என்றேன். சனி, ஞாயிறு கிளஸ்டரே இருக்காது என்று குரோம்பேட்டைப் பையன் கணக்குப் போட்டுச் சிரித்தான். அப்படியானால் திங்கட்கிழமையிலிருந்து என்றேன். சிரிப்பு நின்றது.

ஆனால் முக்கியமான முடிச்சு இன்னும் அவிழவில்லை. அந்த ஜாப் ஏழு நாள் கேட்டிருந்தது. எல்லோரும் அப்படித்தான் கேட்பார்கள், எதற்கும் இருக்கட்டும் என்று. ஏழு நாள் கேட்டால் சனிக்கிழமையைத் தாண்டும், ஆரம்பிக்கவே ஆரம்பிக்காது. நேரத்தைக் குறைக்க வேண்டும். எவ்வளவு குறைப்பது? நிறையக் குறைத்தால், கணக்கு முடிவதற்குள் நேரம் தீர்ந்து மென்பொருள் அதைக் கொன்றுவிடும். கொஞ்சமாகக் குறைத்தால், செவ்வாய்க்கிழமை கணினிகள் காலியாகத் தாமதமானால் சனிக்கிழமைக்குள் அடங்காமல் போய்விடும். இதில் நான் யோசனை சொல்ல முடியாது. அவள் கணக்கு அவளுக்குத்தான் தெரியும்.

அவள் கண்ணை மூடிக்கொண்டு, அரை வருஷம் ஓடியது எவ்வளவு நேரம், மழைக்காலத்தில் அலை பெரிதாக இருப்பதால் எவ்வளவு இழுக்கும் என்று விரல்விட்டு எண்ணினாள். மூன்றரை நாள் என்றாள். கூட ஒரு மணி நேரம் வேண்டாமா என்று கேட்டாள் குழுவில் இருந்த பெண். 'வேணாம். ஓடவே இல்லன்னா அந்த ஒரு மணி நேரத்த வச்சிகினு இன்னா பண்றது?' என்றாள். தன் கணக்கை அந்த இடத்தில் வைத்து, அந்தப் பெண்ணை ஜாப்பின் நேரத்தை மாற்ற வைத்துவிட்டு, பையைத் தோளில் போட்டுக்கொண்டு மூன்று மணிப் பேருந்துக்கு ஓடினாள்.

செவ்வாய்க்கிழமை காலை காலியாக வேண்டிய கணினிகள் மத்தியானம் வரை காலியாகவில்லை. நான் சாப்பிடப் போகவில்லை. எனக்கென்ன வந்தது என்று என்னையே கேட்டுக்கொண்டேன். ஆனாலும் திரையை விட்டு நகரவில்லை. மூன்று மணி வாக்கில் 'காத்திருக்கிறது' என்பது 'ஓடுகிறது' என்று மாறியது. அவள் ஒரு மணி நேரம் கூடக் கேட்டிருந்தாலும் பரவாயில்லை, நாலு நாள் கேட்டிருந்தால் அன்றைக்கு அது ஆரம்பித்திருக்காது. உடனே அவளுக்குச் சொன்னேன். அவள் பேருந்தில் இருந்தாள். நடத்துநர் யாரையோ திட்டிக்கொண்டிருந்த சத்தத்தில் நான் சொன்னதை மூன்று தடவை கேட்டாள். காதில் விழாமல் இல்லை, திரும்பத் திரும்பக் கேட்கத்தான் என்று நினைக்கிறேன்.

புதன், வியாழன் ஒழுங்காக ஓடியது. வெள்ளிக்கிழமை மத்தியானம் அவள் வந்து பார்த்தபோது முகம் சுருங்கியது. மழைக்காலப் பகுதி அவள் நினைத்ததைவிட மெதுவாக நகர்ந்திருந்தது. இருக்கும் வேகத்தில் போனால் சனிக்கிழமை விடிவதற்கு முன்னால் நேரம் தீர்ந்துவிடும், கடைசி இரண்டு மூன்று வாரத்து அலை மிச்சமிருக்கும். கணக்கு முழுசாக முடிந்தால்தான் அதன் முடிவுகள் எழுதப்படும். பாதியில் நின்றால் கையில் ஒன்றும் இருக்காது. 'நான் தப்பாக் கணக்குப் போட்டுட்டேன் மேடம்' என்றாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

ஓடிக்கொண்டிருக்கும் ஜாப்புக்கு நேரத்தைக் கூட்டும் அதிகாரம் எனக்கு மட்டும்தான் உண்டு. அதை நான் பயன்படுத்துவதில்லை. ஒருவருக்குக் கூட்டினால் அடுத்தவர் நேரத்தில் கை வைக்கிறோம். ஆனால் அன்றைக்கு வரிசையை ஒரு தடவை முழுக்கப் படித்துப் பார்த்தேன். அவள் நேரம் தீர்வதற்கும் நான் கிளஸ்டரை அணைப்பதற்கும் நடுவில் சில மணி நேரம் இருந்தது. காத்திருந்த யாருடைய ஜாப்பும் அந்தச் சின்ன இடைவெளிக்குள் அடங்காது. யாருக்கும் பயன்படாமல் வீணாகப் போகப்போகிற நேரம் அது. அவள் கேட்கவில்லை. நானே காலை ஏழே முக்கால் வரை கூட்டிக் கொடுத்தேன். எனக்கு அதில் ஒரு குற்ற உணர்ச்சியும் இல்லை, இன்றைக்கும் இல்லை.

சனிக்கிழமை கல்லூரிப் பேருந்து கிடையாது. தாம்பரத்திலிருந்து முதல் பேருந்தைப் பிடித்து, வழியில் இறங்கி, ஷேர் ஆட்டோவில் போய்ச் சேர்ந்தேன். குரோம்பேட்டைப் பையன் எனக்கு முன்னாலேயே வந்து கதவுக்கு வெளியே உட்கார்ந்திருந்தான். யாரும் வரச் சொல்லவில்லை. இரண்டு பேரும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். கணினிக்குள் வருஷத்தின் கடைசி வாரம் ஓடிக்கொண்டிருந்தது. ஏழு மணிக்குக் கொஞ்சம் முன்னால் ஜாப் வரிசையிலிருந்து மறைந்தது. மறைந்தால் இரண்டு அர்த்தம் உண்டு, முடிந்தது அல்லது செத்தது. பையன்தான் எட்டி விசைப்பலகையை இழுத்துப் பார்த்தான். முடிவுக் கோப்பு முழுசாக இருந்தது. அவன் சட்டைக் கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, டீ வாங்கி வரேன் மேடம் என்று வெளியே போனான்.

அவளைக் கூப்பிட்டேன். முடிந்துவிட்டது, நல்லபடியாக முடிந்துவிட்டது என்றேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. லைன் போய்விட்டதோ என்று இரண்டு தடவை ஹலோ சொன்னேன். பிறகு ரகசியம் சொல்வது போல மெல்லிய குரல் வந்தது. 'புள்ள இப்பத்தான் கண்ணசந்தான் மேடம். சத்தம் போட முடியல. அப்புறமா வந்து சத்தம் போடறேன்' என்றாள்.

திங்கட்கிழமை ஆய்வுக் குழு கூடியது. அவள் கணக்கில் முந்தின மார்கழியில் கரைந்துபோன மணல் ஆனி மாதத்துக்குள் முக்கால்வாசி திரும்பி வந்திருந்தது. ஊரில் அளந்து வைத்திருந்ததோடு அது ஒத்துப்போனது. ஏகப்பட்ட கேள்வி கேட்டார்களாம், படங்களை மாற்றச் சொன்னார்களாம், ஆனால் எழுதிக் கொடுக்கச் சொல்லிவிட்டார்கள். சில மாதம் கழித்து நடந்த கிளஸ்டர் கூட்டத்தில், நீண்ட விடுப்பில் போகிறவர்கள் திரும்பி வரும்போது கடைசியில் நிற்க வேண்டாம், முதல் ஜாப்புக்கு முன்னுரிமை கொடுக்கலாம் என்று ஒருவர் சொன்னார். இயற்பியல் பேராசிரியர்தான். என் முகத்தைப் பார்க்காமலேயே சொன்னார். மென்பொருளில் அதை ஏற்பாடு செய்ய எனக்கு அரை மணி நேரம்கூட ஆகவில்லை. இவ்வளவு சுலபமா என்று இருந்தது.

அடுத்த வருஷம் ஒரு நாள் அவள் என் அறைக்கு வந்தாள். இடுப்பில் பையன், கன்னமெல்லாம் பிஸ்கட். வாய்மொழித் தேர்வு முடிந்து பட்டம் உறுதியாகிவிட்டது. என்னிடம் என்ன வேலை என்று கேட்டேன்.

'என் அக்கவுண்ட்ட மூடிடுங்க மேடம். ஆபீஸ்லேந்து மெயில் வர்ற வரிக்கும் இருக்க வேணாம். நானே வந்து சொல்லணும்னு வந்தேன்' என்றாள்.

உள்ளே போய் அவளுடைய கோப்புகளைக் காட்டினேன். வேண்டியதை எல்லாம் எடுத்துக்கொண்டுவிட்டாள், மிச்சம் ஒன்றும் இல்லை. அக்கவுண்ட்டை மூடும்போது காரணம் என்ன என்று மென்பொருள் கேட்கும். கல்யாணமாகிப் போன பெண்களுக்கும் பிரசவத்துக்குப் போன பெண்களுக்கும் இத்தனை வருஷமாக நான் 'படிப்பை நிறுத்தினார்' என்ற ஒரே காரணத்தைத்தான் அடித்து வந்திருக்கிறேன், விரல்கள் பழக்கத்தில் அதையே அடிக்க ஆரம்பித்தன. நிறுத்தி, அழித்துவிட்டு, 'படிப்பை முடித்தார்' என்று அடித்தேன். அவள் எட்டிப் பார்த்து அதை மெதுவாக ஒரு தடவை வாய்விட்டுப் படித்தாள். பையன் கையை நீட்டி விசைப்பலகையைத் தட்டப் போனான். அவனைத் தடுக்காமல், எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும் என்று காட்டினேன்.